கல்யாண விதியும் மூன்று டூட்டிச் சங்கமும்

நாமக்கல்லில் மோகனூர் சாலையில் இருந்த அந்த மருத்துவமனைக்கு எழுபதுகளின் முடிவில் நிர்வாக அலுவலராக வந்து சேர்ந்தபோது, எனக்கென்று ஒரு நிலை முன்பே இருந்தது. அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதே முறை. திருச்சியில் கல்லூரிப் படிப்பை முடித்துப் பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன் நான். தொழிலாளர் சட்டத்தில் தனியாக ஒரு பட்டயமும் உண்டு. அதற்கு முன் சேலத்தில் ஒரு நூற்பாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தேன். அங்கே நான் எழுதிய ஒப்பந்தங்களில் ஒன்றுகூடத் தொழிலாளர் துறை அலுவலகத்திலிருந்து திருத்தம் கேட்டுத் திரும்பியதில்லை. நாமக்கல் கடைவீதியில் 'எம்.ஏ. சார்' என்றால் மளிகைக் கடைக்காரர் முதல் தபால்காரர் வரை அறிவார்கள். என் மனைவி மட்டும் அந்தப் பட்டத்தைச் சற்று வேறு தொனியில் பயன்படுத்துவாள். "எம்.ஏ. சாருக்குக் கொழம்புல உப்பு போதுமாங்க?" என்று கேட்பது அவள் வழக்கம். அதைக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை.

மருத்துவமனையை நடத்தியது சுற்றுவட்டாரத்து விவசாயக் குடும்பங்கள் கூடி அமைத்த ஓர் அறக்கட்டளை. அதன் தலைவர் காவிரிக் கரையில் கரும்புத் தோட்டமும், நெடுஞ்சாலையில் லாரிகளும் உடையவர். வெளுத்த வேட்டி, தோளில் மடித்த துண்டு, எதையும் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டே நம்பும் குணம். என் படிப்பின் மீது அவருக்கு மதிப்பு உண்டு. அதைப் பிறர் முன்னிலையில் மட்டும் காட்டுவார்.

மருத்துவமனையில் ஒரு விதி இருந்தது. செவிலியர் அனைவரும் பின்கட்டில் உள்ள விடுதியில்தான் தங்க வேண்டும். திருமணம் செய்துகொள்பவர் வேலையை விட்டுவிட வேண்டும். இந்த விதி எனக்கு முன்பே எழுதப்பட்டது. அதில் என் கையெழுத்து இல்லை. ஒருமுறை அதன் காரணத்தைத் தலைவரிடமே கேட்டேன்.

"பொண்ணு கண்ணாலம் பண்ணிக்கிட்டா ஊட்டுல ஒரு காலு, ஆசுபத்திரியில ஒரு காலு. ராத்திரி டூட்டிக்குப் புருசன் உடமாட்டான். அப்பறம் நோயாளிக்கு ஊசி போடறதுக்கு நீங்களும் நானுமா போறது, எம்.ஏ. சார்?"

ஊசியைப் பார்த்தாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்பதை நான் அறிவேன். என் நிலையும் அதுவே. ஆகவே பேச்சை அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

விதி ஆண்டுக்கணக்கில் ஏட்டில் கிடந்தது, யாரையும் கடிக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அது ஒருத்தியைக் கடிக்க வந்தது. தம்மம்பட்டியைச் சேர்ந்த செவிலியப் பெண் ஒருத்தி அறுவை அரங்கில் பணியாற்றினாள். அவள் பக்கத்தில் நில்லாவிட்டால் எங்கள் அறுவை மருத்துவர் கத்தியை எடுக்கவே யோசிப்பார். கை நீட்டினால் கேட்காத கருவியும் வந்து உட்காரும் என்பார். தந்தை இல்லாத குடும்பம். தாயும் இரண்டு தம்பிகளும் அவள் சம்பளத்தில் இருந்தார்கள். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் வேலை செய்த இளைஞனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன கல்யாணம். இப்போது ஆவணி முதல் முகூர்த்தத்தில் என்று முடிவாயிற்று. இன்னொரு முறை தள்ளினால் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்ப்பார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வேலையைத் தொடர மாப்பிள்ளை தடை சொல்லவில்லை. தாயும் சொல்லவில்லை. தடை சொன்னது எங்கள் விதி ஒன்றுதான்.

அந்த ஆண்டு சித்திரையில் என் மேசைக்கு ஒரு கோரிக்கை மனு வந்தது. அனுப்பியது 'செவிலியர் சங்கம்.' அப்படியொரு சங்கம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மனு நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. இரண்டு இடங்களில் இருந்த தட்டச்சுப் பிழைகளைப் பழக்கத்தின் காரணமாகப் பென்சிலால் திருத்திவிட்டுத் தலைவருக்கு அனுப்பினேன்.

தலைவருக்கு மனுவைவிடச் சங்கத்தின் மேல்தான் ஆத்திரம். "எங்க கூட்டம் போடறாங்க, எப்பப் போடறாங்கன்னு கண்டுபுடிங்க. கூட்டம் போடாத சங்கம் உண்டுங்களா?" என்றார்.

நியாயமான கேள்வி. நானும் முறைப்படி விசாரித்தேன். விடுதிக் காப்பாளரைக் கேட்டேன். டூட்டி முடிந்து வந்தால் எல்லோரும் தூங்குகிறார்கள் என்றார். கோட்டைக்குக் கீழே உள்ள கோயிலில் விசாரித்தேன்; வருகிறார்கள், கும்பிடுகிறார்கள், போகிறார்கள் என்றார்கள். திரைப்படக் கொட்டகையில் கூடுகிறார்களோ என்று அலுவலக எழுத்தரை அனுப்பினேன். அவர் படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு வந்து, படம் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை தந்தார். மேலும் சிந்தித்துப் பார்த்தால், செவிலியர் மூன்று டூட்டிகளாகப் பிரிந்தவர்கள். ஒரு பகுதியினர் வேலையில் இருக்கும்போது ஒரு பகுதியினர் உறங்குவார்கள், மற்றொரு பகுதியினர் துணி துவைப்பார்கள். எல்லோரும் ஓரிடத்தில் சேரவே முடியாது. எனவே இத்தகைய சங்கம் இயங்குவதற்குச் சாத்தியமே இல்லை என்று எழுத்து மூலமாகத் தலைவருக்குத் தெரிவித்தேன்.

அடுத்த வாரம் எனக்கு டைபாய்டு வந்தது. எங்கள் மருத்துவமனையிலேயே படுக்க நேர்ந்தது.

இங்கே எங்கள் மருத்துவமனையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். டூட்டி மாறும் வேளையில், போகிற செவிலியர் வருகிற செவிலியரோடு கட்டில் கட்டிலாக நடப்பார். ஒவ்வொரு நோயாளியின் முன்னும் நின்று, அவர் நிலையை வாயால் சொல்லி ஒப்படைப்பார். வருகிறவர் அதை ஒரு சொல் குறையாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். வெளியூர் மருத்துவர்கள் வரும்போதெல்லாம் இந்த ஒழுங்கை நானே அழைத்துச் சென்று காட்டியிருக்கிறேன்.

பிற்பகல் டூட்டி மாறும் நேரம். நான் கண்ணை மூடிக் கிடந்தேன். ஒப்படைத்தவர் மூத்த செவிலியர். எல்லோரும் அவரைப் 'பெரிய சிஸ்டர்' என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, மருத்துவமனை தொடங்கிய நாளிலிருந்து விடுதியே வீடாக வாழ்ந்தவர். தினமும் எனக்கு வணக்கம் சொல்லத் தவறாதவர். அந்த வணக்கத்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

"அஞ்சாம் கட்டில், டைபாய்டு. காய்ச்சல் காலையில எறங்கிருக்கு. கஞ்சி வேண்டாம்னு ஒரே அடம். ரெண்டு தடவை அதட்டினதுக்கு அப்புறம் குடிச்சாவ" என்றார் பெரிய சிஸ்டர். இளைய செவிலியர் 'அதட்டினதுக்கு அப்புறம்' என்பது உட்பட அனைத்தையும் திருப்பிச் சொன்னார். அதே குரலில், அதே நிதானத்தில், பெரிய சிஸ்டர் தொடர்ந்தார்: "சங்கம். கல்யாண விதிதான் முதல் கோரிக்கைன்னு காலை டூட்டி ஒத்துக்கிட்டாச்சு. வார லீவு ரெண்டாவது. உங்க டூட்டி என்ன சொல்லுதுன்னு சேத்து ராத்திரி டூட்டிக்கு ஒப்படைச்சிரு."

"சார் இருக்காருங்களே, சிஸ்டர்."

"சார் தூங்குதாவ."

"இமை துடிக்குதுங்க."

"அது டைபாய்டுல உள்ளதுதான். அப்படியே எழுதிக்கோ."

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறப்பதற்கு உரிய நேரம் கடந்துவிட்டது என்று கருதினேன். கூட்டமே போடாமல் ஒரு சங்கம் எப்படி நடக்கிறது என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. ஒரு கேள்வி காலையில் புறப்பட்டால், நோயாளிகளின் காய்ச்சலோடும் கஞ்சியோடும் கட்டில் கட்டிலாக நடந்து, மறுநாள் காலைக்குள் மூன்று டூட்டிகளையும் சுற்றிப் பதிலோடு திரும்பி வந்துவிடும். நான் வெளியூர்க்காரர்களுக்குப் பெருமையோடு காட்டிய ஒழுங்கே அவர்களுடைய கூட்டம்.

இதை நான் தலைவரிடம் சொல்லவில்லை. நோயாளியாகப் படுத்திருக்கையில் காதில் விழுந்தது நோயாளியின் சொந்த விஷயம். அலுவலர் என்ற முறையில் நான் அறிந்ததல்ல. நான் அப்போது மருத்துவ விடுப்பில் இருந்தேன். கட்டிலருகே உட்கார்ந்திருந்த என் மனைவி மட்டும், சிஸ்டர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் குனிந்து கேட்டாள்: "ஏனுங்க, தூங்கறாப்புல படுத்திருக்கறதுக்கும் எம்.ஏ.ல பாடம் வெச்சாங்களாங்க?"

நான் குணமாகி அலுவலகம் திரும்புவதற்குள் சங்கம் தொழிலாளர் துறைக்கும் எழுதிவிட்டது. சேலத்திலிருந்து சமரச அலுவலர் இரு தரப்பையும் அழைத்தார். புறப்பட்ட அன்று, பேருந்து நிறுத்தத்தில் இடம் கிடைக்காமல் பெரிய சிஸ்டரும் இன்னொரு செவிலியரும் நிற்பதைத் தலைவர் காரிலிருந்து பார்த்துவிட்டார். எதிர்த்தரப்பை நம் வண்டியில் ஏற்றுவது முறையல்ல என்று எடுத்துச் சொன்னேன்.

"முறையெல்லாம் சேலத்துல போயிப் பாத்துக்கலாங்க. பொம்பளைப் புள்ளைங்க வெயில்ல நிக்குது" என்று வண்டியை நிறுத்தச் சொன்னார்.

தலைவர் முன் இருக்கையில் இருந்தார். பின் இருக்கையில் அவர்கள் இருவர், கதவோடு ஒட்டி நான். என் மடியில் கோப்புகள்; கோப்புகளின் மேல் அவர்களுடைய சாப்பாட்டுத் தூக்கு. ராசிபுரம் தாண்டியது. பிறகு பெரிய சிஸ்டர்தான் தொடங்கினார்.

"தலைவர் ஐயா, விதின்னா எல்லாருக்கும் விதிதானே? இருக்கிற அத்தனை பேரும் ஒரே மாசத்துல கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து நீட்டினா, அத்தனை பேரையும் அனுப்பிருவீகளா?"

"அத்தன பேருமா? நீங்களுமா, சிஸ்டர்?"

"ஏன், எனக்கு என்ன? மாப்பிள்ளையை நீங்களே பாத்துத் தாங்களேன். லாரி வெச்சிருக்கிற ஆளா இருந்தாலும் பரவாயில்லை."

ஓட்டுநர் சிரித்துவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டார். தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதற்கு மேல் சேலம் வரை விதியைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

சமரச அலுவலர் வேலைமிகுதியால் களைத்துப்போனவர். "ஆஸ்பத்திரியும் தொழில்தான்னு கோர்ட்டே சொல்லியாச்சு. சங்கம் வெச்சதுல தப்பில்ல" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு, "எப்படி வந்தீங்க ரெண்டு தரப்பும்?" என்று கேட்டார்.

"ஒரே கார்லதானுங்க" என்றார் தலைவர்.

"அப்ப ஒரே கார்லயே திரும்பிப் போயிப் பேசி முடிச்சுட்டு வாங்க. முடியலைன்னா ரெண்டு பஸ்ஸுல வாங்க, நான் பேசறேன்."

பேச்சுவார்த்தையை ஆடி மாதத்தில் தொடங்கினோம். ஆடியில் தலைவர் எதிலும் கையெழுத்திட மாட்டார். பேசுவதற்கு ஆட்சேபம் இல்லை என்றார். மருந்துக் கிடங்குக்குப் பக்கத்து அறையில் மேசை போட்டோம். ஸ்பிரிட் வாசனையும், ஆடிக் காற்றில் பறக்கும் காகிதங்களும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. நிர்வாகத் தரப்பில் தலைவரும் நானும் மட்டுமே. சங்கத் தரப்பில் டூட்டிக்கு ஒருவராக மாறி மாறி வந்தார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் எழுந்து இன்னொருவர் அமர்வார். சம்பந்தப்பட்ட அந்தத் தம்மம்பட்டிப் பெண்ணை மட்டும் சங்கத்தார் வேண்டுமென்றே மேசைப் பக்கம் விடவில்லை. ஒருத்திக்காகக் கேட்பதாக ஆகிவிடக் கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

இப்படி மாறினால் முதலில் பேசியது இரண்டாமவருக்குத் தெரியாது, காரியம் நமக்கு எளிதாகும் என்று தலைவர் மகிழ்ந்தார். முதல் நாளே அந்த மகிழ்ச்சி போயிற்று. அடுத்த டூட்டிக்காரர் வந்ததும் பெரிய சிஸ்டர் எழுந்தார். வந்தவரைத் தலைவர் முன்னால் நிறுத்தி, கட்டிலருகே சொல்வதைப் போலவே ஒப்படைத்தார்.

"தலைவர் ஐயா. வந்தப்போ சூடு ஜாஸ்தி. மோர் குடுத்தோம், கொஞ்சம் தணிஞ்சிருக்கு. வார லீவுக்கு ரெண்டு தடவை தலையாட்டினாவ, வாயால சொல்லலை. ராத்திரி டூட்டியைப் பத்திப் பேசினா மறுபடி ஏறுது. அந்த எடத்தை மெதுவாத் தொடணும்."

"அம்மணி, நான் இங்கியேதான் உக்காந்திருக்கறேன்" என்றார் தலைவர்.

"நோயாளி முன்னாலதான் ஒப்படைக்கணும், ஐயா. அதுதான் நம்ம ஆஸ்பத்திரி வழக்கம். சாரே எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவாவ."

வந்தவர் என்னைக் காட்டி, "சாருங்க?" என்று கேட்டார்.

"சாருக்கு ஒண்ணும் இல்லை. எழுதிக்கிட்டே இருப்பாவ. அப்பப்ப பேனாவுக்கு மை கேப்பாவ."

இதை நான் கேளாதவன் போல எழுதிக்கொண்டிருந்தேன். மை உண்மையிலேயே தீர்ந்திருந்தது, கேட்கவில்லை.

தலைவர் ஒருமுறை தந்திரமும் செய்து பார்த்தார். பிற்பகலில் வந்தவரிடம், "காலையில வந்த சிஸ்டரு வார லீவை உட்டுக்குடுத்துட்டாங்களே" என்றார். அந்தப் பெண் சற்றும் குரலை உயர்த்தாமல், "அவங்க ஒப்படைக்கையில நீங்களும் இருந்தீங்களேங்க. மோர் குடிச்சுட்டு இருந்தீங்க" என்றாள். தலைவர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பைப் பார்த்தேன். குறிப்பும் அந்தப் பெண் சொன்னதையே சொல்லிற்று.

"இவுங்க குளிச்சுக் கிளிச்சு ஆளு மாத்தி ஆளு வாராங்க. நாம ரெண்டு பேரும் பொழுதுக்கும் ஒரே சட்டையில உக்காந்திருக்கறமே, எம்.ஏ. சார்" என்று அன்று மாலை அவர் அலுத்துக்கொண்டார். உண்மை. ஆடி முடிவதற்குள் வார விடுப்பு பேசி முடிந்தது. இரவு டூட்டிச் சுழற்சி முடிந்தது. விடுதிக் கதவைப் பூட்டும் நேரம்கூட முடிந்தது. கடைசியில் கல்யாண விதியையும் நீக்கத் தலைவர் இசைந்தார். சட்டப்படி அது நிற்காது என்று நான் எழுதிக் கொடுத்த குறிப்பு அவர் பையில் இருந்தது. ஆனால் எந்த நாள் முதல் நீக்குவது என்பதில் நின்றுவிட்டார்.

"தை மாசத்துல இருந்து வெச்சுக்கலாம். இப்பவே உட்டா, ஒரு புள்ளைக்காகத் தலைவரு எறங்கிட்டாருன்னு ஊரெல்லாம் பேசும்" என்றார்.

"கல்யாணம் ஆவணியில, ஐயா. தையில விதியை எடுத்து யாருக்கு?" என்றார் பெரிய சிஸ்டர்.

"தைக்குத் தள்ளி வெச்சுக்கட்டும். முகூர்த்தத்துக்கா பஞ்சம்?"

"ஏற்கெனவே தள்ளினது. இன்னும் தள்ளினா மாப்பிள்ளை இருக்க மாட்டான். தள்ளாட்டா வேலை இருக்காது. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

தலைவர் எழுந்தார், துண்டை ஒரு முறை உதறித் தோளில் போட்டார், அறையை விட்டு நடந்தார்.

எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தைகளுக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. விலை படியாதபோது ஒருவர் எழுந்து துண்டை உதறி நடப்பார். வெகுதூரம் போக மாட்டார். விரைந்தும் போக மாட்டார். மறுதரப்பு கூப்பிட வேண்டும். கூப்பிட்டவர் ஏதாவது ஒன்றில் இறங்க வேண்டும். திரும்பி வருகிறவரும் ஒன்றில் இறங்க வேண்டும். பிறகு பேசியது பேசியதுதான். கூப்பிடாமல் விட்டால் வியாபாரம் முறிந்தது. நடந்தவர் தாமாகத் திரும்பினால் அதைவிட மானக்கேடு இல்லை. தலைவர் மாடு வாங்கியதும் லாரி விற்றதும் இந்த வழக்கப்படியே. அவர் எழுந்து போனது கோபத்தால் அல்ல, முடித்துக்கொள்ளத்தான் என்பது எனக்கு விளங்கிற்று.

பெரிய சிஸ்டருக்கு விளங்கவில்லை. விடுதியிலும் வார்டிலும் வாழ்ந்தவர் சந்தையைக் கண்டதில்லை. அவர் கண்ணில் பட்டது, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிற ஒரு நோயாளி. மேசையில் அவர் முறையும் அப்போது முடிந்திருந்தது. ஒரு லாரி விபத்தில் அடிபட்டவர்கள் வந்து சேர்ந்ததால், அடுத்து மேசைக்கு வர வேண்டிய செவிலியர் அவசரச் சிகிச்சைப் பிரிவில் மாட்டிக்கொண்டார். வேறு ஆள் இன்றி, அன்று அறுவை இல்லாமல் ஓய்வாக இருந்த தம்மம்பட்டிப் பெண்ணையே அனுப்பியிருந்தார்கள். பெரிய சிஸ்டர் காலியான நாற்காலியின் முன் அவளை நிறுத்தி ஒப்படைத்தார்.

"தலைவர் ஐயா. சொல்லிக்காம எந்திச்சுப் போயிட்டாவ. மத்தது எல்லாம் முடிஞ்சது. தேதி மட்டும் தையில நிக்கு. அவங்களா வந்தாப் பேசு. நீ போய்க் கூப்பிடாத. நோயாளி பின்னால ஓடுதது நமக்கு வழக்கம் இல்லை."

அவள் ஒரு சொல் குறையாமல் திருப்பிச் சொன்னாள். பெரிய சிஸ்டர் அடிபட்டவர்களைப் பார்க்க விரைந்தார்.

வெளியே கார் கிளம்பவில்லை. தலைவர் ஒரு டயரை உதைத்துப் பார்த்தார். மறுபக்கம் போய் இன்னொன்றை உதைத்துப் பார்த்தார். ஓட்டுநர் முன்மூடியைத் திறந்து, உள்ளே நெடுநேரம் பார்த்து, மெதுவாகச் சாத்தினார். வண்டியில் ஒரு குறையும் இல்லை. இருவருக்கும் அது தெரியும். பார்ப்பதற்கு இன்னும் இரண்டு டயர்கள் பாக்கி இருந்தன. அவையும் முடிந்தால் அவர் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினால் தை வரை பேச்சில்லை. அந்தப் பெண் வேலை, கல்யாணம் இரண்டில் ஒன்றை விட வேண்டும். நான் கூப்பிட முடியாது. நிர்வாகத் தரப்பை நிர்வாகத் தரப்பே கூப்பிடுவது எந்தச் சந்தையிலும் செல்லாது.

அந்த நேரத்தில் நான் எழுந்து சன்னல் பக்கம் போனேன். திரும்பியபோது அவள் வராந்தாவின் படியில் நின்றிருந்தாள்.

"ஐயா! கூப்புடறேன், வாங்க!"

தலைவர் நான்காவது டயரிலிருந்து நிமிர்ந்தார். "ஆரு அது, கூப்புடறது?"

"நாந்தாங்க. கல்யாணப் பொண்ணு."

"கூப்புட்டா எறங்கோணும், தெரியுமா சாமி?"

"தெரியுங்க. எங்கப்பா மாட்டுத் தரகரா இருந்தவருங்க. அவரு கையைப் புடிச்சுட்டு சந்தைக்குப் போனவ நானுங்க. நாங்க ஒன்னு எறங்கறோம், நீங்க ஒன்னு எறங்குங்க."

"எதுல எறங்குவ?"

"ராத்திரி டூட்டிக்கு வரமாட்டாங்கன்னுதானே உங்களுக்குக் கவலை? கல்யாணம் ஆனவங்க, ராத்திரி டூட்டி வாரத்துல ஆஸ்டல்லயே தங்கிக்கறோங்க."

"அதுக்கு உம்புருசன் ஒத்துக்கோணுமே?"

"அந்தப் பேச்சுவார்த்தைய நான் பாத்துக்கறேங்க. அதுக்கு லேபர் ஆபீசரு வேண்டாங்க."

ஓட்டுநர் மறுபடியும் முன்மூடியைத் திறந்து அதற்குள் தலையை விட்டுச் சிரித்தார். தலைவர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்தார். பிறகு படியேறி வந்து, விட்டுப்போன அதே நாற்காலியில் அமர்ந்தார். "ஆவணி ஒன்னு. எழுதுங்க, எம்.ஏ. சார்."

"நான் சொன்னதை மூணு டூட்டியும் ஒத்துக்கோணுங்க. ஒப்படைச்சுட்டு நாளைக்குக் காலையில சொல்றோங்க" என்றாள் அவள்.

"உங்க சங்கம் பண்ற அளப்பரைக்கு, நான் நாலு லாரியை வித்துப்போடுவேன்" என்றார் தலைவர். ஆனால் காத்திருந்தார். மறுநாள் காலை, மூன்று டூட்டிகளையும் சுற்றிவிட்டு இசைவு வந்தது. தன் சொல்லை மீறிக் கூப்பிட்டதற்காகப் பெரிய சிஸ்டர் அவளைக் கடிந்துகொண்டதாகக் கேள்வி. கடிந்துகொண்டே கட்டிலருகே அடுத்தவரிடம் அவர் ஒப்படைத்த வாசகம், "நோயாளி திரும்பி வந்தாச்சு. யார் கூப்பிட்டாங்கன்னு எழுத வேண்டாம்" என்பதாம். இது என் காதால் கேட்டதல்ல.

ஆடி முடியும் வரைக்குமாவது குறிப்பின் ஓரத்தில் சுருக்கொப்பம் இடும்படி தலைவரைக் கேட்டேன். "கூப்புட்டு வந்தவன் பேச்சு மாறுவானுங்களா? காலேசுல இதெல்லாம் சொல்லித்தரலீங்களா?" என்று மறுத்துவிட்டார். ஆவணி முதல் நாள் காலையில், காகிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, கையெழுத்திட்டார். கையெழுத்தான நாள் முதல் விதி நீங்கியது என்று நான் எழுதியிருந்தேன். நானே சேலத்துக்குக் கொண்டுபோனேன். வழக்கம்போல் ஒரு திருத்தமும் கேட்கப்படவில்லை.

கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. தலைவர் முன்வரிசையில் அமர்ந்து, மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "ராத்திரி டூட்டி வாரத்துல சோறாக்கப் பழகிக்க, சாமி. ஒப்பந்தத்துல இருக்குது" என்றார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. நான் அவரைத் திருத்தவில்லை, அது கல்யாண வீடு. அடுத்த வாரமே அந்தப் பெண் அறுவை அரங்கில் இருந்தாள். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தாள்.

சங்கத்தின் ஆண்டு விழாக்களில் பேசுகிறவர்கள், அன்று நான் சன்னலோரம் நின்று, நிர்வாகத்துக்குத் தெரியாமல் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கண்காட்டி, 'போய்க் கூப்பிடு' என்று தலையசைத்ததாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். அறக்கட்டளையில் சிலரும் இதையே கைதட்டாமல் சொல்கிறார்கள். என் மனைவியும் சொல்கிறாள். காற்றில் காகிதங்கள் பறந்தன. நான் சன்னலைச் சாத்த எழுந்தேன். அவளைப் பார்க்கவில்லை. சைகை எதுவும் செய்யவில்லை.